கஞ்சியோடு நிற்காத ஊழியம்

கிறிஸ்தவ ஊழியம் என்றதும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும்தான் நம் நினைவுக்கு வரும். செங்கல்பட்டு மண்ணில் அந்த ஊழியம் நிலத்தின் பக்கமும் திரும்பியது. அந்தக் கதை நம் ஊர்களில் இன்னும் முடியவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு மிஷனரிகள் பணி செய்தார்கள். ஒருவர் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, மற்றவர் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடி. சேரிக்குப் போய் ஜெபித்துவிட்டுத் திரும்பியிருந்தால் அவர்களுக்கு எந்த எதிர்ப்பும் வந்திருக்காது. சேரியின் பசிக்கு என்ன காரணம் என்று அவர்கள் கேட்டதில்தான் பிரச்சினை தொடங்கியது.

காரணம் கண்முன்னே இருந்தது. தரிசு நிலம் கேட்டுப் பண்ணையாள் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்கே முதல் உரிமை. அவர் குறுக்கே வந்து தானே எடுத்துக்கொள்ளலாம். குடிசை நின்ற மனையும் அவர் பிடியில்தான் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், வீடும் போகும். இந்த நிலையில் எத்தனை நாள் கஞ்சி ஊற்றினாலும் அடிமைத்தனம் அப்படியே இருக்கும் அல்லவா? இருவரும் இதை எழுதினார்கள், அரசிடம் முறையிட்டார்கள். சிங்கப்பெருமாள்கோவில் அருகே மெல்ரோசாபுரம் குடியிருப்பு ஆண்ட்ரூவின் முயற்சியில் உருவானது.

நிலம் கேட்ட குரல் மிஷனரிகளுடையது மட்டுமல்ல என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் அயோத்திதாசர், ஒடுக்கப்பட்டோருக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்டார்.

செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் இந்த மக்களின் நிலைமையை அறிக்கையாக அரசுக்கு அளித்தார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. அப்படிக் கிடைத்ததே பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கொடுக்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக தலித் இயக்கங்கள் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

1994-இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டார்கள். இயேசு சபைத் துறவிகள் சிலரும் துணை நின்றார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் இழந்தனர். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், மற்றவர் பெயர் இந்துப் பெயர். இருவரும் கேட்டது ஒரே நிலத்தை.

ஆனால் சட்டம் மதம் பார்க்கிறது. 1950-ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணையின்படி இந்து தலித் மட்டுமே பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவ தலித் இன்னும் வெளியே நிற்கிறார். பட்டியல் சாதியினரின் நிலத்தைப் பறிப்பதைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்குக் கை கொடுக்காது.

திருச்சபைக்குள்ளும் கேள்வி இருக்கிறது. தமிழகத்தில் கோயில் நிரம்பி நிற்பது பெரும்பாலும் தலித் மக்களால். ஆனாலும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடத் தனித்தனி. ஏழைக்கு ஊழியம் என்று பிரசங்கம் செய்கிற சபை, முதலில் தன் கல்லறைச் சுவரை இடிக்க வேண்டும். அடுத்து, தன் வழக்கறிஞர்களையும் பட்டதாரிகளையும் சேரியின் நிலப் பத்திரங்களோடு உட்கார வைக்க வேண்டும்.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் அ-பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய் போதும். எந்த சர்வே எண்ணில் டி.சி. நிபந்தனை இருக்கிறது, அந்த நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று எழுதி எடுங்கள். வில்லங்கச் சான்றை வைத்து, அது எந்த ஆண்டு கை மாறியது என்று பாருங்கள். அந்தப் பட்டியலோடு கிராம சபைக்கு வாருங்கள்.