துனிஸ் நகரில் மூன்று நாள்

உரோமைக்குத் திருயாத்திரை செல்லும் குடும்பங்களுட் சில, திரும்புமுன் மிஞ்சும் மூன்று நாட்களை எங்கே கழிக்கலாம் என்று வினவுவதுண்டு. வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள துனிஸ் நகரை நாம் பரிந்துரைப்போம். உரோமையிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே. துனீசியாவின் தலைநகராகிய இதன் புறநகர்தான் பழம்பெரும் கார்த்தேஜ்.

திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் வரும் சிப்பிரியான், பெலிசித்தா, பெர்பெத்துவா ஆகிய மூவரும் இரத்தம் சிந்திய மண் இதுவே. கி.பி. 203, மார்ச் 7 அன்று இறந்த பெர்பெத்துவாவுக்கு வயது 22. பால்குடி மாறாத மகவுக்குத் தாய். அடிமைப் பெண்ணாகிய பெலிசித்தா சிறையிலேயே குழந்தை ஈன்றவர். பெர்பெத்துவா சிறையில் எழுதிய குறிப்புகள் இன்றும் உள்ளன. வயது முதிர்ந்த தந்தை அவர் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து, குழந்தையின் பொருட்டேனும் மனம் இரங்குமாறு மன்றாடும் பகுதியைப் பெற்றோர் எவரும் கலங்காது படித்தல் அரிது. புறப்படுமுன் வீட்டில் எல்லாரும் கூடி அதனை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வாசியாது சென்றால், அவர்கள் இறந்த இடமாகப் போற்றப்படும் அரங்கம் வெறுங்கல்லாகவே தோன்றும். அங்கு எஞ்சியிருப்பவை தாழ்ந்த கற்சுவர்களும், நினைவுச் சிற்றாலயம் ஒன்றும், புல்லும்தாம்.

ஆகவே ஒரு முழு நாளைக் கார்த்தேஜுக்கே ஒதுக்குங்கள். துனிசிலிருந்து கடலோரமாக லா மர்சா வரை செல்லும் சிறு ரயில், 1872இல் தொடங்கிய பழைய தடம். கார்த்தேஜில் மட்டும் அதற்குப் பல நிலையங்கள் உண்டு. பிர்சா குன்று, அரங்கம், கடலை ஒட்டிய அந்தோனீன் குளிப்பகம் ஆகியவை சிதறிக் கிடப்பதால் நடை மிகுதி. முதியோர்க்கு வாடகைக் கார் அமர்த்துவதே நன்று.

383ஆம் ஆண்டு அகுஸ்தீனார், அன்னை மோனிக்காவிடம் பொய்யுரைத்து இரவோடிரவாக உரோமைக்குக் கப்பலேறியதும் இக்கரையிலிருந்துதான். அன்றிரவு அன்னை சிப்பிரியானின் நினைவுக் கோவிலில் செபித்துக்கொண்டிருந்தார். விடிந்தபோது மகனைக் காணோம். கடலைப் பார்த்த ஒரு பழங்கோவிலின் சிதைவை அவ்விடம் எனக் காட்டுவர். அறிஞர் அதனை உறுதியாக ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் என்ன? கடல் அதே கடல்.

பிர்சா குன்றின் மீதுள்ள புனித லூயிஸ் பேராலயம் இன்று வழிபாட்டிடமன்று. 1964இல் வத்திக்கானும் துனீசிய அரசும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி நூற்றுக்கு மேற்பட்ட கோவில்கள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. இதனைக் கண்டு மனம் கசந்து திரும்புவோர் உண்டு; நாம் அவ்வாறு கருதவில்லை. ஞாயிறு காலை துனிஸ் நகரின் நடுவே, 1897இல் திறக்கப்பட்ட பேராலயத்திற்குச் செல்லுங்கள். ஆப்பிரிக்காவின் பிற நாடுகளிலிருந்து கல்வி கற்க வந்த இளைஞரும் ஐரோப்பியரும் அங்கே அருகருகே முழந்தாளிட்டிருப்பர். சிறு மந்தைதான்; ஆயினும் மந்தை.

ஆலயத்தினின்று சற்று நடந்தால் மெதினா என்னும் பழைய நகர். செய்தூனா பள்ளிவாசலின் தூண்கள் பல பழைய கட்டடச் சிதைவுகளிலிருந்து எடுத்தவை. தொழுகைக் கூடத்தினுள் பிற சமயத்தார் செல்வதில்லை. அடக்கமான உடை அவசியம். ஞாயிறன்று கடைகள் பல மூடியிருக்கும். பார்தோ அருங்காட்சியகத்திற்கு அரை நாள் வேண்டும். 2015இல் அங்கு நடந்த தாக்குதலில் பயணிகள் பலர் உயிரிழந்தனர். 2021 முதல் மூடியிருந்த அது 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் தரைச் சித்திரங்களுக்கு ஈடு காண்பது அரிது. கைருவான் நகரையும் பார்த்துவிடலாமே என்று ஆசைப்படாதீர்கள். மூன்று நாளில் இயலாது.

உரோமைக்குத் திரும்பி வருவதாயின் ஒருமுறை நுழைவு விசா போதாது. பன்முறை நுழைவு விசாவே கேட்டுப் பெறவேண்டும். துனீசிய விசாவுக்கு அந்நாட்டுத் தூதரகத்தை முன்கூட்டியே அணுகுக. ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வரும். அப்போது பகலில் உணவு விடுதிகள் பல திறவா. தினாரை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லச் சட்டம் இடந்தராது. ஆதலால் சிறுகச் சிறுக மாற்றி, இரசீதுகளைப் பத்திரப்படுத்துக.