கால் எரிச்சலா? காரணம் தேடுங்கள்!



தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுக்கும் தொண்டில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். அங்கே வந்து உட்காரும் பெரியவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான். "தம்பி, காலு ரெண்டும் தீயா எரியுது", "பஞ்சு மேலே நடக்கிற மாதிரி இருக்கு", "ராத்திரியானா ஊசி குத்துது". நடந்து வந்த களைப்பு என்று நானும் ஆறுதல் கூறி அனுப்பியதுண்டு. அதே தொல்லை எனக்கு வந்த பிறகுதான் என் அறியாமை எனக்குப் புரிந்தது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். சைவ உணவுக்காரன். இனிப்புநீர் நோய்க்குப் பத்து ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். பாதம் எரியத் தொடங்கியதும், "இது இனிப்புநீரால் வருவது, வேறென்ன" என்று நானே தீர்ப்புச் சொல்லிக் கொண்டேன். போன இடத்திலும் வயதானால் அப்படித்தான் என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். தைலம் தேய்த்தேன். இப்படியே இரண்டு ஆண்டுகள் கடந்தன.

ஒரு தைப்பூசத்தன்று வெறுங்காலுடன் தண்ணீர்மலைக்குச் சென்று, சாமி கும்பிட்டு வீடு திரும்பினேன். வரவேற்பறைத் தரையெல்லாம் இரத்தக் கறை இருப்பதைப் பார்த்து என் மனைவி அலறிவிட்டார். தேர் வரும் வழியில் உடைத்த தேங்காயின் சிரட்டைத் துண்டு ஒன்று என் உள்ளங்காலில் ஆழமாகப் பதிந்திருந்தது. எனக்கு அது குத்தியதே தெரியவில்லை! அந்தப் புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. கால் தப்பியது முருகன் அருள் என்றே சொல்வேன்.

அதன் பிறகு என் மகள் என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள். "வலிக்கு மருந்து கேட்காதீங்க அப்பா, காரணம் என்னன்னு கேளுங்க" என்றாள். அப்படியே கேட்டேன். டாக்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். இரத்தமும் எடுத்தார்கள். முடிவு வந்தது. என் உடலில் பி12 வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது! நீண்ட காலம் மெட்ஃபோர்மின் சாப்பிடுவோருக்கு இந்தக் குறை ஏற்படலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இச்சத்து இயற்கையாக உள்ளதால் சைவ உணவுக்காரர்களுக்கும் ஏற்படலாம். எனக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன. ஊசி போட்ட சில மாதங்களில் எரிச்சல் பெரிதும் தணிந்தது. ஆனால் இழந்த உணர்ச்சி முழுமையாகத் திரும்பவில்லை. நான் வீணடித்த இரண்டு ஆண்டுகளுக்கு அதுவே விலை.

அரிசி சொன்ன பாடம்

காரணம் தேடுவதன் அருமைக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் 'பெரிபெரி' என்னும் நரம்பு நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பலிகொண்டது. கால் மரத்துப் பலமிழக்கும். முற்றினால் இதயமும் பாதிக்கப்படும். ஈரமான இடத்தால் வருகிறது, தொற்றிக் கொள்கிறது என்றெல்லாம் பலரும் பல காரணம் கூறினர். வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனர்களை வாட்டிய அந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடையே அரிதாக இருந்ததை டாக்டர் பிராடன் கவனித்தார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெச்சர் ஒரு சாராருக்கு வெள்ளை அரிசியும் மறுசாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். இடம்தான் காரணமோ என்று நடுவில் இரு சாராரையும் கட்டடம் மாற்றியும் பார்த்தார். நோய் வெள்ளை அரிசியையே தொடர்ந்தது. 1907இல் அவர் இதை வெளியிட்டார். பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு டாக்டர்கள், அரிசியைத் தீட்டும்போது இழக்கப்படும் சத்தே காரணம் என்று காட்டினர். அச்சத்து 1926இல் ஜாவாவில் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே இன்று நாம் பி1 என்று அழைக்கும் வைட்டமின். காரணம் தெரிந்த பிறகுதான் அந்நோயை ஒழிக்க வழி பிறந்தது.

என்னென்ன சோதனைகள்?

நரம்பு வலி என்பது ஒரே நோயன்று. பல நோய்களின் அறிகுறி. இனிப்புநீர், பி12 குறைவு, தைராய்டு சுரப்பிக் கோளாறு, சிறுநீரக நோய், மதுப்பழக்கம், முதுகெலும்பில் நரம்பு அழுத்தப்படுதல், சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோயா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகக் கூடியதே.

இவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரண இரத்தச் சோதனைகளே காட்டிவிடும். இரத்தச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12, தைராய்டு, சிறுநீரகம், முழு இரத்த எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளக்கும் சோதனைக்கும் அனுப்புவார்கள். நுண்ணிய நரம்புகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அச்சோதனை சரியாக இருப்பதுபோல் காட்டலாம். ஆகவே, "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் வலி தொடர்ந்தால் மீண்டும் கேளுங்கள். திடீரெனக் கால் பலமிழந்தாலோ சிறுநீர் கழிக்க இயலாமற் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

மருந்துக் கடையில் 'நரம்பு மாத்திரை' வாங்கி நீங்களாகவே சாப்பிடாதீர்கள். அதிலுள்ள பி6 வைட்டமின் நீண்ட காலம் மிகையானால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி12 சாப்பிட்ட பின் எடுக்கும் இரத்தச் சோதனையும் உண்மையை மறைக்கக்கூடும்.

நமக்கு ஏன் இந்த அக்கறை?

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு! வெறுங்காலுடன் நேர்த்திக்கடன் செலுத்தும் நம் சமூகத்திற்கு இது எத்தகைய எச்சரிக்கை என்பதை எண்ணிப் பாருங்கள். விரதம் தொடங்கும் முன்பே பாதத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் டாக்டர் சொல்வதைக் கேட்டுக் காலணி அணியுங்கள். முருகன் பக்தியைத்தான் பார்ப்பான், செருப்பைப் பார்க்க மாட்டான். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நன்கொடையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவ முகாம்களுக்கு உதவும்போது இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு பாதச் சோதனைக்கும் இடம் கொடுங்கள். ஒரு நைலான் இழையும் ஐந்து நிமிடப் பொறுமையும் ஒருவருடைய காலைக் காப்பாற்றும்.

இந்த ஆண்டும் நான் தண்ணீர்ப் பந்தலில்தான் இருப்பேன், காலணியோடு. "காலு எரியுது" என்று யாராவது சொன்னால் மோரைக் கொடுத்துவிட்டு, "இரத்தம் பார்த்தீங்களா?" என்று கேட்பேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எல்லாம் வல்ல தண்டாயுதபாணி நம் அனைவருக்கும் நலமருள்வானாக.