கையும் தன்மை இடமும்

கதை எவ்விடத்தில் நின்று கூறப்படுகின்றது என்னும் வினா இலக்கிய ஆராய்ச்சியாளர்க்குப் புதியதன்று. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றனையும் நம் இலக்கண நூலார் 'இடம்' என்னும் சொல்லாலேயே குறித்தனர். 'நான்' என்று தொடங்கும் நாவலில் அவ்விடம் சொல்லளவில் அமைவது. படிப்போன் தன் நாற்காலியைவிட்டு நகர்வதில்லை. வீடியோ விளையாட்டிலோ தன்மை என்பது மெய்யாகவே ஓர் இடமாகின்றது. கதைத்தலைவியின் கண் எங்குளதோ அங்கிருந்தே திரையிலுள்ள உலகம் தீட்டப்படுகின்றது. அவள் திரும்பினால் உலகம் திரும்பும். 2007ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'மெட்ராய்டு பிரைம் 3: கரப்ஷன்' என்னும் அறிவியற் புனைவு விளையாட்டில், ஆடுவோனின் கண்ணோடு கையும் அவ்விடத்திற்குச் சென்றது. அதனால் கதைக்கு விளைந்த பயன் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மெட்ராய்டு வரிசை 1986இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தாரால் தொடங்கப்பெற்றது. முதல் விளையாட்டு, பக்கவாட்டில் நகரும் தட்டையான காட்சிகளால் ஆயது. இலக்கண வழக்கிற் கூறின் படர்க்கை எனலாம். கவசம் பூண்டு போரிட்ட வீரர் சேமஸ் ஆரன் என்னும் பெண் என்பது, குறித்த காலத்திற்குள் விரைந்து முடித்தவர்க்கே இறுதியில் வெளிப்பட்டது. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரைச் சார்ந்த ரெட்ரோ ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் 2002இல் 'மெட்ராய்டு பிரைம்' என்னும் விளையாட்டை ஆக்கி, இக்கதையைத் தன்மை இடத்திற்கு மாற்றினர். 2004இல் அதன் இரண்டாம் பகுதி வந்தது. அவ்விரண்டிலும் ஒரே குமிழே நடத்தற்கும் திரும்புதற்கும் பயன்பட்டது. பகைவனைக் குறிவைக்க ஒரு பொத்தானை அழுத்திப் பார்வையை அவன்மேற் பூட்டுதல் வேண்டும்; நாற்புறமும் நோக்க விரும்பின் நின்றுவிடுதல் வேண்டும். ஆகவே கண் நோக்கும் திசையும் படைக்கலம் நோக்கும் திசையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஆடுவோன் சேமஸின் தலையாக இருந்தான். கையாக இருந்தான் என்று கூறுதற்கில்லை.

2006இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'வீ' என்னும் ஆட்டக்கருவி இந்நிலையை மாற்றியது. அதன் கைக்கோல் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று விரிவாக அறிதல் நன்று. ஏனெனில் பின்னர்க் கூறப்படும் கருத்து அதனையே சார்ந்துள்ளது. கைக்கோலினுள் முடுக்கமானி என்னும் சிறு பொறி ஒன்று உளது. சிலிக்கனால் ஆய நுண்ணிய எடைப்பகுதி ஒன்று மெல்லிய விற்களில் தொங்கும். கோல் அசையும்போது அது பின்தங்கி விலகும். அவ்விலகல் மின் அளவாக மாறிக் கணிப்பொறிக்குச் செல்லும். அசையாது வைத்திருப்பினும் புவியீர்ப்பு அதனை இழுத்தவண்ணம் இருத்தலின், கோல் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதும் புலனாகும். ஆயின் கோலைக் கிடைமட்டமாக வைத்து இடவலமாகத் திருப்பின் ஈர்ப்பின் திசை மாறுவதில்லை. அத்திருப்பத்தை முடுக்கமானி அறியாது.

இக்குறையை நிரப்புவது கோலின் நுனியிலுள்ள அகச்சிவப்புக் கண். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலோ கீழோ வைக்கப்படும் சிறு பட்டையின் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். அக்கண் அவ்விரு புள்ளிகளையும் கண்டு, கோல் திரையின் எப்பகுதியைச் சுட்டுகின்றது என்பதைக் கணிக்கின்றது. அப்பட்டைக்கு 'உணர்வுப் பட்டை' என்று பொருள்படும் பெயரை இட்டனர். அது எதனையும் உணர்வதில்லை என்க. இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் அதன் வேலை நடைபெறும். இடக்கையில் 'நன்சக்' என்னும் இணைக்கருவியைப் பற்றுகின்றோம். அதனுள்ளும் ஒரு முடுக்கமானி உண்டு.

சேமஸின் வலக்கை முழங்கைவரை பீரங்கியால் மூடப்பட்டது, இடக்கை வெறுங்கை. ஆடுவோனின் வலக்கையில் சுட்டும் கோல், இடக்கையில் நன்சக். இப்பொருத்தம் மிக இயல்பாக அமைந்துவிட்டது. நன்சக்கை முன்னோக்கி வீசினால் அவள் இடக்கையினின்று ஒளிக்கயிறு பாய்ந்து பகைவனின் கேடயத்தைப் பற்றும். பின்னே வெட்டி இழுத்தால் கேடயம் பறிபோகும். கோலின் சுட்டு திரையின் நடுப்பரப்பில் உள்ளவரை கண் நிலைத்திருக்கக் கை மட்டும் அலையும்; விளிம்பை அணுகினால் தலையும் திரும்பும். இதனாற் கண்ணும் கையும் முதன்முறையாகப் பிரிந்தன. ஒன்றை நோக்கிக்கொண்டே மற்றொன்றைக் குறிவைத்தல் இயலுவதாயிற்று. சுட்டுதலும் சுடுதலும் ஒலியால் அண்மையிலுள்ள சொற்கள்; இவ்விளையாட்டில் அவை தொழிலாலும் அண்மையில் வந்துவிட்டன.

போரல்லாத செயல்களும் கையால் நிகழ்வன. கதவின் பிடியை இழுத்து, திருகி, உள்ளே தள்ளுதல் வேண்டும். விண்கலத்தினுள் அமர்ந்து பொறிப்பலகையின் பொத்தான்களைச் சுட்டி அழுத்துதல் வேண்டும். இவை வெறும் வேடிக்கை என்று கூறுவாரும் உளர். அக்கூற்று முற்றும் பொய்யன்று. இருபதாவது பூட்டைத் திருகும்போது முதற்பூட்டின் வியப்பு இருப்பதில்லை. அன்றியும், பீரங்கி வலக்கையை மூடியிருத்தலின் திரையில் பிடியைப் பற்றுவது அவளது இடக்கை. நாம் திருகுவதோ வலக்கைக் கோலை. நுணுகி நோக்குவார்க்கு இது உறுத்தும்.

ஆயினும் இவ்விளையாட்டின் கதை உடலைப் பற்றியது என்பதை மறத்தல் கூடாது. 'ஃபேஸான்' என்னும் நீலநிற நஞ்சே இதன் கருப்பொருள். நோரியன் என்னும் கோளில் நிகழ்ந்த தாக்குதலில் சேமஸும் ருண்டஸ், கோர், காண்ட்ரேடா என்னும் வேட்டை வீரர் மூவரும் அந்நஞ்சால் தீண்டப்படுகின்றனர். ஒரு திங்கள் கழித்து அவள் கண்விழிக்கும்போது, உடலில் ஊறிய நஞ்சையே படைக்கலமாக்கும் பொறி ஒன்று அவள் கவசத்திற் பொருத்தப்பட்டிருக்கின்றது. முன்னரே அனுப்பப்பட்ட துணைவர் மூவரும் நஞ்சின் வயப்பட்டு அறிவு திரிகின்றனர். அவர்களை அவளே ஒவ்வொரு கோளிலும் எதிர்த்துப் போரிட நேர்கின்றது, மூவரும் மடிகின்றனர்.

'ஹைப்பர்மோட்' எனப்படும் நிலையை ஆடுவோன் தன் விருப்பால் மேற்கொள்கின்றான். அதற்கு விலையாகத் தன் உயிராற்றற் கலம் ஒன்றைச் செலவிடுதல் வேண்டும். 25 நொடி அளவும் பகைவர் எளிதில் வீழ்வர். ஆனால் அதில் நெடிது தங்கின் நஞ்சு தானே பெருகத் தொடங்கும். அப்பொழுது தப்பும் வழி ஒன்றே. சுட்டுச் சுட்டு நஞ்சை உடலினின்று வெளியேற்றுதல் வேண்டும். அளவுகோல் நிரம்பிவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஈண்டுக் கையின் தொழில் பொருள் மாறுவதைக் காண்க. சற்றுமுன் பகைவனைக் கொல்லுதற்குச் சுட்ட அதே கை, இப்பொழுது தன்னைக் காத்தற்காக வெறுவெளியை நோக்கிச் சுடுகின்றது. பொத்தானை மட்டும் அழுத்துவோனுக்கு இம்மாற்றம் திரையில் நிகழும் செய்தி. கோலைப் பிடித்து ஆட்டுவோனுக்கோ தன் தோளிலும் மணிக்கட்டிலும் நிகழும் பதற்றம். பேரொளி வீசுமிடத்து முகமூடியின் கண்ணாடியில் அவள் முகம் நிழலாடுவதுண்டு. கதை வளர அம்முகத்தில் நஞ்சின் தடம் பரவக் காண்கின்றோம். தன்மை இடத்தில் நிற்போன் தன் முகத்தைக் காணும் வாய்ப்பு அரிது. கண்டபோது அது தன்னுடையதாக இல்லை. கை நம்முடையதென்று முன்னரே ஒப்புக்கொண்டமையால்தான் அம்முகம் நம்மை அச்சுறுத்துகின்றது.

இக்கருத்திற்கு ஒரு சோதனையும் கிடைத்துள்ளது. 2009இல் மூன்று பகுதிகளும் ஒரே தொகுப்பாக 'வீ' கருவிக்கென வெளியிடப்பட்டன. முதலிரு பகுதிகளுக்கும் இக்கைக்கோல் முறை பொருத்தப்பட்டது. குறிவைத்தல் எளிதாயிற்று; ஆட்டம் விரைவுற்றது. ஆயின் அவற்றில் கைக்கெனப் படைக்கப்பட்ட பூட்டுகளும் பிடிகளும் இல்லை. கையே தன் பகையாகும் நிலையும் இல்லை. முதற்பகுதியின் தாலன் 4 என்னும் கோளில் மழைத்துளி முகமூடியில் வழிந்தோட, அழிந்துபோன சோசோ இனத்தாரின் எழுத்துகளை நின்று படிக்கும் அமைதி அன்றும் கண்ணுக்கே உரியதாயிருந்தது. 2009இலும் அவ்வாறே இருந்தது.

மூன்றாம் பகுதியின் இறுதியில், நஞ்சுக்கு ஊற்றாகிய ஃபேஸ் என்னும் கோளில் அடிவைத்தவுடன் சேமஸ் தன் உயிராற்றற் கலங்கள் யாவற்றையும் வெளியேற்றிவிடுகின்றாள். அதன்பின் ஹைப்பர்மோட் நீங்குவதில்லை. ஒவ்வொரு கணமும் அளவுகோல் ஏறிக்கொண்டேயிருக்க, ஆடுவோன் தன் கோலைத் திரைக்கு நேரே பிடித்தவண்ணம் முன்னேறுகின்றான்.