மேட்டூரில் மனை வாங்குவதும் விற்பதும்

மேட்டூர் வட்டாரத்தில் வீடோ மனையோ வாங்க முற்படுவோர், விலையை விசாரிப்பதற்கு முன் அந்த நிலத்துக்கும் நீருக்கும் உள்ள தொடர்பை விசாரிப்பதே முறையாகும். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. அந்த நீர்ப்பரப்பினுள் பல ஊர்கள் மூழ்கின என்பதற்கு, நீர்மட்டம் மிகவும் தாழும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் வெளிப்படும் பழைய நந்தி சிலையும் கிறித்தவ ஆலயக் கோபுரங்களும் சான்றாக நிற்கின்றன. நீர் வற்றும்போது தெரியவரும் வண்டல் நிலத்தில் கரையோர மக்கள் பயிர் செய்வது நெடுநாள் வழக்கம். எனினும் அந்த நிலம் நீர்த்தேக்கத்துக்கென அரசு கையகப்படுத்தியது. எத்தனை தலைமுறை உழுதிருந்தாலும், அந்த அனுபவத்தைக் காட்டி ஒருவர் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பது வாங்குபவருக்கு உரிமையாகாது. குறைந்த விலைக்கு ஏரிக்காட்சியுள்ள இடம் கிடைக்கிறது என்று சொல்லப்படும்போது முதலில் எழ வேண்டிய ஐயம் இதுவே.

அணைக்குக் கீழே உள்ள நிலங்களில் கேள்வி வேறு. அணை நிரம்பியபின் மிகுதியாக வரும் நீர், எல்லிஸ் உபரிநீர்ப் போக்கி எனப்படும் பதினாறு கண் மதகு வழியாக வெளியேறும். 2018 ஆகஸ்டில் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது, மேட்டூரையொட்டிய தாழ்வான பகுதிகள் மட்டுமன்றி நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் ஆற்றோரக் குடியிருப்புகளும் பாதிப்புக்கு உள்ளாயின. இத்தகைய வெள்ளம் ஆண்டுதோறும் வருவதில்லை என்பதனாலேயே மனை பார்க்கச் செல்வோர் கோடையில் காய்ந்து கிடக்கும் கரையைக் கண்டு ஏமாந்துவிடுகின்றனர். அக்கம்பக்கத்தில் நீண்ட காலம் குடியிருப்போரிடம் 2018-இல் நீர் எதுவரை ஏறியது என்று கேட்டறிவது, தரகர் சொல்லும் எந்த விவரத்தையும்விடப் பயன் தருவது.

அணையிலிருந்து விலகிய மேட்டுநிலப் பகுதிகளில் இதே சிக்கல் புதிய வடிவம் கொண்டுள்ளது. மேட்டூர் அணையின் உபரிநீரைக் குழாய்வழி ஏற்றிச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்துக்கு 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, மறு ஆண்டிலிருந்து நீர் விடப்பட்டது. பல ஆண்டுகள் வறண்டு கிடந்த ஏரிகளுக்கு நீர் வருவது உழவர்க்கும் கிணறுகளுக்கும் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் நீரே வராத காலத்தில் ஏரியின் உள்வாயும் வரத்து ஓடையும் வழித்தடமாகவும் காடாகவும் மாறி, சில இடங்களில் மனையாகவும் விற்கப்பட்டிருக்கக்கூடும். ஏரி நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கத் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அத்தகைய மனையில் எழுப்பிய வீட்டை மின் இணைப்பும் வீட்டுவரி ரசீதும் காப்பாற்றா.

ஒரு புல எண் ஓடையா, ஏரியா, மேய்ச்சல் நிலமா, தனியார் நிலமா என்பதை வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேடு கூறும். புலப்படம் எனப்படும் அளவை வரைபடம், அந்த எண்ணின் எல்லைகளையும் உட்பிரிவுகளையும் அளவோடு காட்டும். பட்டா என்பது நிலத்துக்கு வரி செலுத்தும் பொறுப்பாளர் யார் என்று அரசு வைத்துள்ள குறிப்பே அன்றி, தனித்து நின்று உரிமையை நிறுவும் பத்திரம் அன்று. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டபோது பெயரும் பரப்பளவும் பிழையாக ஏறிய இனங்கள் உண்டு; ஆகவே பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் புலப்படத்தின் அளவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தபின், சர்வேயரைக் கொண்டு நிலத்தையும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

மனைப்பிரிவுகளைப் பொறுத்தவரை, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லே இன்றும் பலரை ஏமாற்றி வருகிறது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு, அதாவது மக்கள் டிடிசிபி என்று வழங்கும் துறைக்கு உரியது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாளுக்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அந்நாளுக்கு முன் மனையாகவே பதிவான இடம் மறுபடி கைமாறக்கூடும். ஆனால் வரன்முறைச் சான்று இல்லையெனில் வீடு கட்டும் அனுமதியிலும் வங்கிக் கடனிலும் அல்லல் தொடரும்.

பதிவாகிவிட்டது என்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது என்பதையும் வாங்குவோர் மனத்தில் இருத்த வேண்டும். விற்பவருக்கு உரிமை உண்டா என ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அன்று என்னும் நிலைப்பாட்டில்தான், தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ(i) என்னும் விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாததாக்கியது. வில்லங்கச் சான்று, பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத உயிலையோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ, நடந்துகொண்டிருக்கும் பல வழக்குகளையோ அது காட்டாது. எனவே மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றமும் இடைவெளியின்றித் தொடர்கிறதா என்பதை வழக்கறிஞர் ஒருவர் படித்துச் சொல்வதற்கு ஆகும் செலவு வீண் செலவு அன்று.

செலவு என்று வரும்போது, முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்ந்து விற்பனை மதிப்பில் 9 விழுக்காடு. வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருப்பின் அதன்மேல் கணக்கிடப்படும். 30 லட்ச ரூபாய் மனைக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் இதற்கே போய்விடும் என்பதைக் கடன் கணக்கில் சேர்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவிப்போர் உண்டு. 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாத சொத்து பெண்கள் பெயரில் பதிவானால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை கிடைக்கிறது. மேலும், மேட்டூர் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர் ஆதலின், ஆழ்துளைக் கிணற்றை நம்பும் இடமாயின் நீரை ஆய்வகத்தில் சோதித்த பின்னரே விலை பேசுவது அறிவுடைமை.

விற்போர்க்கும் ஆயத்தம் தேவை. பெரிய புல எண்ணின் ஒரு பகுதியை விற்பவர், உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெற்றபின் விற்றால் வாங்குபவரின் தயக்கம் குறையும், விலையும் நிற்கும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் கட்டாயம் ஆதலால், வெறும் முத்திரைத்தாளில் எழுதி அட்வான்ஸ் பெறுவது இரு தரப்பையும் வலுவற்ற நிலையில் நிறுத்துகிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தின்படி தண்டமும் வரும்.

மேட்டுக்காட்டுப் பூர்வீகச் சொத்துகளில் மிகுதியாகக் கவனிக்கப்படாதது மகள்களின் பங்காகும். தமிழ்நாட்டில் 1989-இலும் இந்தியா முழுவதும் 2005-இலும் வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தங்கள் மகளையும் மகனைப்போலவே பங்காளியாக்கின. 2005-க்கு முன்னரே தந்தை காலமாகியிருந்தாலும் இவ்வுரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சீர்வரிசை செய்து அனுப்பியாயிற்று என்று சொல்லித் தமக்கை தங்கையரின் கையெழுத்தின்றி அண்ணன் தம்பியர் மட்டும் எழுதிக் கொடுக்கும் கிரயப் பத்திரம், அப்பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதோடு, பின்னொரு நாள் பாகம் கேட்டு வழக்கு வரும்போது விற்றவரையும் வாங்கியவரையும் ஒருசேர நீதிமன்றத்தில் நிறுத்துவதுமாகும். வாரிசுச் சான்றில் உள்ள அனைவரும் கையெழுத்திடும் வரை கிரயத்தை ஒத்திவைப்பதே இரு தரப்பாருக்கும் நல்லது.