உழவு இயந்திரம் ஏன் மெதுவாகப் புறப்படுகிறது?

பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளிலிருந்து அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஏ9 வீதியில் ஏறுவதை நாம் காண்கிறோம். 45 குதிரை வலு கொண்ட அந்த இயந்திரம் அசைந்து அசைந்து ஏறிக்கொண்டிருக்க, 8 குதிரை வலு மட்டுமே உள்ள மோட்டார் சைக்கிள் அதன் அருகால் பாய்ந்து போய்விடுகிறது. வலு கூடியது மெதுவாகவும் வலு குறைந்தது விரைவாகவும் புறப்படுவது ஏன்? இது பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கணக்கு அல்ல. வீதியைக் கடக்க எத்தனை செக்கன் வேண்டும் என்று அறியாமல் ஏறுவது உயிர்களைப் பணயம் வைப்பதாகும்.

ஏறக்குறைய 75 கிலோ நிறையுள்ள ஒரு மூடையை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயர்த்தினால் அது ஒரு குதிரை வலு. நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், தமது இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்பதை வாங்குவோருக்கு விளக்குவதற்காக 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு இது. அதே மூடையை நான்கு செக்கன் எடுத்துத் தூக்குபவரும் அதே வேலையைத்தான் செய்கிறார். ஆனால் அவருடைய வலு காற்பங்கு.

ஆர்முடுகல் என்பது வேறு. செக்கனுக்குச் செக்கன் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதே ஆர்முடுகல். அது தள்ளும் விசையையும் தள்ளப்படும் திணிவையும் பொறுத்தது. ஆகவே எஞ்சினின் வலுவை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு தொன்னுக்கும் எத்தனை குதிரை வலு கிடைக்கிறது என்றே பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ என்றால் தொன்னுக்கு 44 குதிரை வலு. உழவு இயந்திரம் 2 தொன், பெட்டி 1 தொன், நெல் 4 தொன், ஆக 7 தொன்; தொன்னுக்கு 6 குதிரை வலுவுக்குச் சற்றே மேல். கையால் பிடித்து ஓட்டும் இருசில்லு இயந்திரத்தின் கதையும் இதுவே. (எந்தக் கம்பனி செய்ததானாலும் நம்மவர் வாயில் அது 'லான்ட்மாஸ்டர்' தான்.) கணவன், மனைவி, பிள்ளை என்று மூவர் ஏறினால் மோட்டார் சைக்கிளின் 44 கூட 27 அளவுக்கு இறங்கிவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வலு என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. எனவே வலு மாறாதிருக்க வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை பாதியாகிறது. கியர் வலுவைக் கூட்டுவதில்லை. வேகத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்கித் தருகிறது. அதனால்தான் முதலாம் கியரில் பாரம் நகர்கிறது, ஆனால் ஊர்கிறது. முந்திச் செல்வோரும் இதைக் கவனிக்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீற்றர் வேகம் எடுக்கத் தேவைப்படும் சக்தியை விட, 60 இலிருந்து 80க்குப் போகத் தேவைப்படும் சக்தி அதிகம். காற்றின் தடையோ அதற்கு மேல். லொறியை முந்த வெளிக்கிட்டவர் பாதியில் "இழுக்குதில்லை" என்று தவிப்பது இதனால்தான்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை; சுவாலை வந்து சேருமுன் தானாகவே பற்றி எஞ்சினைத் தட்ட வைக்கும்; வலு குறையும். ஓடத்தான் ஓடின, ஆனால் வேகமெடுக்க நேரம் பிடித்தது. அன்று வீதியும் குண்டும் குழியுமாக இருந்தபடியால் எதிரே வந்தவரும் மெதுவாகவே வந்தார். 2009க்குப் பின்னர் ஏ9 காபெற் வீதியாகியது. பஸ்களின் வேகம் கூடியது. பாரமேற்றிய உழவு இயந்திரத்தின் ஆர்முடுகல் கூடவில்லை.

கணக்கைப் பார்ப்போம். இயந்திரமும் பெட்டியும் சேர்ந்து 8 மீற்றர் நீளம், வீதி 7 மீற்றர் அகலம். பெட்டியின் பின்பக்கமும் கடந்து முடிய 15 மீற்றர் நகர வேண்டும். தாழ்ந்த கியரில் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகமென்றால், அசையத் தொடங்கும் நேரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 12 செக்கன். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் அந்த 12 செக்கனில் 240 மீற்றர் வந்துவிடும். 90 இல் வந்தால் 300 மீற்றர். பத்து மூடை மேலதிகமாக ஏற்றினால் புறப்பாடு இன்னும் சுணங்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க உயர்ந்த கியரில் புறப்படுவது அதைவிட ஆபத்து: பாரம் தாங்காமல் எஞ்சின் நடுவீதியில் நின்றுவிடக்கூடும். கியரை வீதியில் வைத்து மாற்றுவதும் கூடாது. கிளச் மிதித்த கணத்தில் தள்ளும் விசை அற்றுப்போகும்.

ஒழுங்கை முகப்பிலிருந்து இரு பக்கமும் 400 எட்டு நடந்து, அவ்விடத்தில் நிற்கும் மரத்திலோ கல்லிலோ சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இடுவதைக் கமக்காரர் அமைப்புகள் ஒரு காலை வேளையில் செய்து முடிக்கலாம். அடையாளத்துக்கு இப்பால் வாகனம் எதுவும் வந்துவிட்டால் பெட்டியுடன் ஏறக்கூடாது. வளைவு காரணமாக அடையாளம் தெரியாத முகப்புகளில், இறங்கிப் பார்த்துக் கைகாட்ட ஒருவர் கட்டாயம் வேண்டும்.