மலைநாட்டு மீன்தொட்டிக்கு ஏற்ற மீன்கள்

விதைக்குமுன் மண்ணைப் பார்ப்பது உழவர் வழக்கம். வீட்டில் பெரிய மீன்தொட்டி வைக்க விரும்புவோர் முதலில் பார்க்கவேண்டியது நீரின் குளிர்ச்சியை.

ஏஞ்சல், கௌராமி, கப்பி முதலிய வெப்பவலய மீன்களுக்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரையான நீர் நல்லது. கொழும்பில் இது இயல்பாகவே கிடைக்கும். ஆனால் சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறக்குறைய 16 பாகைதான். அங்கே இம்மீன்கள் இரை எடுக்காமல் சோர்ந்து, நோய் கண்டு இறந்துபோகும். ஹீற்றர் போட்டால் காப்பாற்றலாம். ஆனால் பெரிய தொட்டிக்கு அது இரவு பகலாக மின்சாரம் தின்னும். இடம்பெயர்ந்து வந்து சிக்கனமாக வாழும் குடும்பத்துக்கு அது தாங்காத செலவு.

எனவே குளிரைத் தாங்கும் மீன்களையே தெரிவுசெய்யுங்கள். நுவரெலியாவுக்குத் தங்கமீன் மிகப் பொருத்தம். சற்று வெப்பமான ஹற்றன் பகுதியில், நீர் 18 பாகைக்குக் கீழே போகாத வீடுகளில், சீப்ரா டானியோவும் வளரும். இரண்டையும் ஒரே தொட்டியில் விடவேண்டாம். வளர்ந்த தங்கமீன் சிறுமீனை விழுங்கிவிடும்.

4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 250 லீற்றர் நீர் கொள்ளும். அதற்கு 6 தங்கமீன்கள் போதும். முதலில் இரண்டை மட்டும் விட்டு, ஒரு மாதம் கழித்து மற்றவற்றைச் சேருங்கள். மீன்கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு காலம் வேண்டும். தேயிலைக்கு மருந்தடித்த சரிவிலிருந்து வரும் ஓடைநீரை ஊற்றாதீர்கள். வேண்டாத மீனை ஓடையில் விடவும் வேண்டாம். அங்கு வாழும் நம் நாட்டு மீன்களுக்கு அது கேடு.