உங்களுக்குத் தெரியுமா? தடுப்பில்லாத இரண்டு அடுக்கு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலம் முருகன் கோயிலுக்குப் பாதை பிரிகிற கூட்டேரிப்பட்டில், மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், மார்கழி விடியலில் அதன் அடிக்குழாய் சில்லென்றிருப்பதைத் தொட்டுப் பார்த்து, நேற்றைய வெயிலெல்லாம் விருதாவாயிற்றே என்று விசனப்பட வேண்டாம். ஒரு லிட்டர் நீர் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 997 கிராமும், 60 டிகிரியில் சுமார் 983 கிராமும் நிறையுடையதாகையால், அந்த 14 கிராம் பேதத்தின் பலத்திலேயே உஷ்ண நீர் மேலேறி நிற்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. இடையே தகரத் தடுப்பு ஏதுமில்லை என்பதுதான் விசேஷம். (அடியில் விறகெரியும் வெந்நீர்த் தவலையில் இந்த அடுக்கு நிலைப்பதில்லை.) இதனாலேயே வெந்நீரை உச்சியிலிருந்து எடுத்து, புது நீரை அடியில் நிதானமாக விடுகிறார்கள். அது வேகமாகப் பாய்ந்தாலோ, 60 டிகிரியிலுள்ள 50 லிட்டரும் 25 டிகிரியிலுள்ள 50 லிட்டரும் கலந்து, 42 டிகிரிச் சொச்சத்தில் 100 லிட்டராகிவிடும். உஷ்ணத்தின் மொத்தம் குறையவில்லை. முதலில் குளிப்பவருக்கு அது சுகமும்கூட. ஆனால் அவர் மொள்ள மொள்ளப் புது நீர் வந்து கலக்குமாதலால், கடைசியில் குளிப்பவர் பாடு திண்டாட்டந்தான்.